மூன்றாவது லாரிக்கு நான் நிற்கவில்லை

கோமதி, இசக்கி, உங்கள் இருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோமதி வருகிற திங்கள்கிழமை நான் ஏறி இறங்கிய அதே மாடிப்படியில் ஏறப் போகிறாள். இசக்கி, நீயும் படிப்பு முடிந்ததும் அந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறாய். உங்களோடு சேருகிற மற்ற பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் கொடுங்கள். நான் ஒன்பதாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

எங்கள் அப்பா ஆபீசில் உட்கார்ந்து கேம் விளையாடுகிறார், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தீர்கள். யாரும் நம்பவில்லை என்று அழுதுகொண்டு வந்தது இசக்கி. நம்பாததில் தப்பில்லை. எனக்கே முதல் மாதம் நம்பிக்கை வரவில்லை.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினேன். செங்கோட்டை தாண்டி, புளியரை மலைப்பாதையில் ஏறி, கேரளத்தில் காய்கறி இறக்கிவிட்டு, அங்கிருந்து வேறு சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்புவது. முதுகில் வட்டு விலகி, இனி லாரியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் தென்காசியில், குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு ஹார்டுவேர் கடையின் மேல்மாடியில் சின்னக் கம்பெனி ஒன்று செல்போனுக்கு கேம் செய்துகொண்டிருந்தது. மலைப்பாதையில் லாரி ஓட்டும் கேம். சென்னையில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனிக்காக இவர்கள் செய்து கொடுத்தார்கள். நிஜமாக மலையில் லாரி ஓட்டின ஆள் ஒருவர் விளையாடிப் பார்த்து, எங்கே தப்பு என்று சொல்ல வேண்டும் எனத் தேடினார்கள். நான் போய் நின்றேன்.

முதல் வாரம் பட்ட பாட்டைச் சொல்கிறேன். போனைக் கையில் பிடித்து இடமும் வலமும் சாய்த்தால் லாரி திரும்பும். வளைவு வரும்போதெல்லாம் என் வலது கால் மேசைக்கு அடியில் தரையை ஓங்கி மிதிக்கும். அங்கே பிரேக் கிடையாது. பிரேக் திரையில் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இலஞ்சியிலிருந்து வரும் மாரி உட்கார்ந்திருப்பான். அவனும் சோதிக்கிறவன்தான், என் வயதில் பாதி.

"அண்ணாச்சி, மெதுவா மிதிங்க. கீழ்க் கடைக்காரர் மேல வந்துரப் போறாரு."

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்தவரை எல்லோரும் லீடு என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். தினமும் சிவகிரியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னை அண்ணாச்சி என்பார். ஆனால் இந்த வேலையில் எனக்கு ஆசிரியர் அவர்தான். அவர் முதல் நாள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"அண்ணாச்சி, திரையில என்ன வந்துச்சோ அத எழுதுங்க. நீங்க என்ன நெனச்சீங்களோ அத எழுதாதீங்க. பட்டியல்ல இல்லாதது எது வந்தாலும் எழுதுங்க."

எழுதுவதற்குக் கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை இருந்தது. நான் தமிழில் எழுதுவேன். பக்கத்துக் கட்டத்தில் அது தானாக இங்கிலீஷ் ஆகிவிடும். சாதாரணத் தப்புக்கு மஞ்சள், அவசரத்துக்குச் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை. அந்த அட்டவணையை நாங்கள் மட்டும் பார்ப்பதாக நான் நினைத்திருந்தேன். சென்னைக்காரர்களும் திறந்து பார்ப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஓர் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதுவதை யார் யார் படிப்பார்கள் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கேமில் சாதனைகள் என்று ஒரு பக்கம் இருக்கும். நூறு கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு பதக்கம், டயர் வெடிக்காமல் பத்துப் பயணம் போனால் ஒரு பதக்கம். இவை எல்லோருக்கும் தெரியும்படி எழுதியிருக்கும். சிலவற்றுக்கு மட்டும் ஒரு கறுப்புக் கட்டமும் கேள்விக்குறியும்தான். என்ன செய்தால் கிடைக்கும் என்று போட்டிருக்காது. விளையாடுகிறவர் தெரியாமல் அதைச் செய்துவிட்டால் கட்டம் திறந்துகொள்ளும். இதை மறைவுச் சாதனை என்பார்கள். ஆபீசில் ஹிட்டன் என்றால் போதும். எங்கள் கேமில் ஐந்து ஹிட்டன் இருந்தது. விளையாடுகிறவருக்குத்தான் மறைவு, சோதிக்கிற எங்களிடம் ஐந்தும் பட்டியலாக இருக்கும். பட்டியலைப் பார்த்துக்கொண்டே போய் அந்த ஐந்தையும் திறந்துவிட்டுப் பச்சை போடுவோம். பட்டியல் கையில் இருப்பதால், பட்டியல் தெரியாத ஒருவன் எப்படி விளையாடுவான் என்பதை நாங்கள் மறந்துபோவோம். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வருகிற வியாதி இது.

எனக்கு அந்த வியாதி வரவில்லை. காரணம் சாமர்த்தியம் இல்லை. எனக்கு வேகமாக ஓட்டத் தெரியாது.

அந்த கேமில் ஒரு பயணம், மலைக்கு மேலிருந்து அன்னாசிப்பழம் ஏற்றிக்கொண்டு குறித்த நேரத்துக்குள் அடிவாரச் சந்தைக்கு இறங்கி வருவது. பாதைக்கு ஊர்ப்பெயர் எதுவும் கிடையாது. ஆனால் முதல் தடவை ஓட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது புளியரை வளைவு. பாறையின் சரிவு, கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் கல் பெயர்ந்திருப்பது, எல்லாம் அப்படியே இருந்தது. வரைந்தவர் அந்த வழியாகப் பலமுறை போயிருக்க வேண்டும்.

மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிற வண்டி நிற்க வேண்டும், ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். பாரத்தோடு முதல் கியரில் ஏறி வருகிறவனை வளைவில் நிறுத்தினால் அவனால் மறுபடி கிளப்ப முடியாது. வண்டி பின்னால் உருளும். கிளீனர் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்துச் சக்கரத்துக்கு அடியில் வைக்க ஓடுவான். அதனால் இறங்குகிறவன் ஓரங்கட்டி, விளக்கைத் தணித்து நிற்பான். ஏறுகிறவன் கடந்து போகும்போது சின்னதாக இரண்டு ஹாரன் அடிப்பான். அவ்வளவுதான் பேச்சு.

கேமில் அந்த வளைவுகளில் மூன்று லாரி ஏறி வரும். மாரியும் மற்றப் பையன்களும் இடுக்கு வழியே உரசிக்கொண்டு பறப்பார்கள். நான் நிற்பேன். நின்றால் நேரம் போய்விடும், சந்தை மூடிவிடும், திரையில் தோல்வி என்று வரும். ஒன்றுக்கோ இரண்டுக்கோ நிற்பேன், மாரி போடும் சத்தத்தில் அடுத்ததற்கு நிற்காமல் போய்விடுவேன். மூன்றுக்கும் சேர்த்து நின்றதே இல்லை. அப்போதும் தோல்விதான், ஏனென்றால் நான் வளைவில் மெதுவாகத்தான் திருப்புவேன்.

"அண்ணாச்சி லாரி ஓட்டுதாரா, தேர் இழுக்காரா?" என்பான் மாரி. "இன்னைக்கும் அன்னாசி அழுகிப் போச்சா?"

"ஏலே, மேல ஏறுதவனுக்கு வழி விடணும்லா."

"அங்கன யாரு அண்ணாச்சி இருக்கா? அது வெறும் படம். டிரைவரே கிடையாது."

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மாரி அன்றைக்கு லீவு, சத்தம் போட ஆளில்லை. நான் மூன்று லாரிக்கும் நின்றேன். ஒவ்வொன்றும் கடந்து போகும்போது அடிக்கிற இரண்டு சின்ன ஹாரன் அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. இதைச் செய்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நேரம் போயிற்று, தோல்வி என்று வந்தது. போனைக் கீழே வைக்கப் போனேன். அப்போது திரை லேசாக இருண்டு, நடுவில் ஒரு பதக்கம் வந்தது. லாரி ஜன்னலிலிருந்து வெளியே நீட்டிய ஒரு கை. கீழே, 'வழிவிட்டவர்' என்று இரண்டு நொடி எழுத்து. பிறகு மறைந்துவிட்டது.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஐந்தில் அது இல்லை. சாதனைப் பக்கத்தில் கறுப்புக் கட்டம்கூட அதற்குக் கிடையாது. தோற்ற பிறகு பரிசு வருகிறது என்றால் கேமுக்கு ஏதோ குழப்பம் என்று நினைத்தேன். எழுதினேன்:

'மூன்று லாரிக்கு நின்றேன். பயணம் தோல்வி. ஆனால் பதக்கம் கொடுக்கிறது. இது தப்பு.'

சிவப்பு போட்டேன். ஒரு நல்ல வேலை செய்துவிட்ட திருப்தியில் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு உங்களுக்கு அல்வா வாங்கி வந்தது அதற்காகத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. சீசன் நேரம், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஆபீசில் எல்லோருமாகக் குற்றாலத்தில் பழைய அருவிக்குக் குளிக்கப் போவதென்று முன்பே பேசியிருந்தோம். ஆண்கள் வரிசையில் நின்று, தலையை நீட்டுகிற நேரத்தில், கரையில் துணிப்பையோடு வைத்திருந்த லீடுடைய போன் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். அவர் ஈரத்தோடு போனார். நான் குளித்துவிட்டு வரும்போது அவர் துண்டைத் தோளில் போட்டபடி, இன்னும் துவட்டாமல் நின்றுகொண்டிருந்தார். எதிரே பேச்சி.

பேச்சியை உங்களுக்குத் தெரியாது. பண்பொழிக்காரப் பெண். கேமில் பாதைகளையும் எதிரே வருகிற வண்டிகளையும் அமைப்பது அவள் வேலை. அவளுடைய அப்பாவும் லாரி டிரைவர். அப்போதும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"அண்ணாச்சி, நேத்து செவப்பு போட்டியளே, அத சென்னையில பார்த்துட்டாங்க" என்றார் லீடு.

"நல்லதுதானே?"

பேச்சி லீடைத் திரும்பிப் பார்த்தாள்.

லீடுதான் சொன்னார். சென்னைக் கம்பெனிக்கு முன்பொரு தடவை வேறு ஓர் ஆபீஸ் கேம் செய்து கொடுத்தபோது, அங்கே எவனோ கேலிப் படம் ஒன்றை உள்ளே ஒளித்துவைத்து, அது விளையாடுகிறவர்கள் போனில் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். அதிலிருந்து அவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். பட்டியலில் இல்லாத எதுவும் கேமில் இருக்கக் கூடாது. இருந்தால், வைத்தவர் அந்த வேலையில் இருக்கக் கூடாது. அந்தப் பதக்கத்தை வைத்தது பேச்சி. எங்கள் ஊரில் அவள் செய்கிற வேலைக்கு வேறு ஆபீஸ் கிடையாது. இது போனால் வெளியூர்தான். அவள் வீட்டில் வெளியூருக்கு விடுவார்களா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

"திங்கக்கிழமை வீடியோவுல உக்காருதாங்க" என்றார் லீடு. "வெள்ளிக்கிழமை அனுப்பின அதே கேம்ல அண்ணாச்சி மறுபடி ஓட்டிக் காட்டணுமாம். பதக்கம் வந்தா, யாரு வச்சதுன்னு கேப்பாங்க. வரலைன்னா, ஏதோ ஒரு தடவை தவறி வந்துருக்குன்னு மூடிருவாங்க." இதைச் சொல்லும்போது அவர் அருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உடை மாற்றப் போய்விட்டார்.

நான் பேச்சியிடம் கேட்டேன். "எதுக்கும்மா அப்படி ஒண்ண வச்சே?"

"எங்க அப்பாட்ட ஒரு நாள் கேமைக் காட்டினேன் அண்ணாச்சி. மக செஞ்சதுன்னு ஆசையா வாங்கி ஓட்டினாரு. வளைவுல நின்னாரு. தோத்துட்டாரு. மறுபடி ஓட்டினாரு, மறுபடி நின்னாரு. மூணாந் தடவை போனை என் மடியில போட்டுட்டு, 'என்ன ஆட்டம்ட்டி இது, நிக்கவன் எல்லாம் தோத்துப் போறான்'ன்னு எந்திச்சுப் போயிட்டாரு."

"பட்டியல்ல சேத்திருக்கலாம்லா?"

"கேட்டுப் பார்த்தேன். தோக்கதுக்கு எதுக்குப் பதக்கம்னுட்டாங்க சென்னையில." அவள் ஈரச் சடையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "யாருக்கும் தெரியப் போறதில்லன்னு நெனச்சேன். நிக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் அது வரும். அப்படி ஒரு ஆளு நம்ம ஆபீஸ்லயே பக்கத்து வரிசையில வந்து உக்காருவார்னு எனக்குத் தெரியல."

நான் துண்டைப் பிழிந்தேன். அவளே சொன்னாள்.

"திங்கக்கிழமை நீங்க எப்பவும் ஓட்டுத மாதிரியே ஓட்டுங்க. எனக்காக ஒண்ணும் செய்யாதீங்க. வந்துச்சுன்னா நான்தான்னு நானே சொல்லிருவேன்."

அவள் மேசை என் மேசையிலிருந்து பத்து அடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அங்கேதான் இருந்தாள். சிவப்பு போடுவதற்கு முன் எழுந்து போய், ஏம்மா இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் அப்போதே எடுத்திருப்பாள். அந்தப் பத்து அடியை நான் நடக்கவில்லை. லீடு எழுதச் சொன்னார், எழுதினேன். எழுதியது சரி. எழுதின நேரம்தான் சரியில்லை.

திங்கள்கிழமை காலை பதினோரு மணி. சுவரில் பெரிய திரை. அதில் சென்னைக்காரர், கழுத்தில் ஹெட்போனோடு. நல்ல மனிதராகத்தான் பேசினார்.

"சார், நீங்கதான் இதை ரிப்போர்ட் பண்ணீங்களா? டென்ஷனே வேணாம். அன்னைக்கு எப்படி ஓட்டினீங்களோ அதே மாதிரி ஓட்டிக் காட்டுங்க, போதும்."

என் போனில் தெரிவது அவருக்கும் தெரியும்படி லீடு இணைத்துவிட்டார். பையன்கள் நாற்காலியை நகர்த்திச் சுற்றி உட்கார்ந்தார்கள். பேச்சி எனக்கு எதிரே, சுவரோரமாக நின்றாள்.

ஓட்டினேன். முதல் வளைவு. முதல் லாரி ஏறி வந்தது. ஓரங்கட்டி, விளக்கைத் தணித்து நின்றேன். அது இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

"ஏன் நின்னீங்க?" என்று கேட்டார் சென்னைக்காரர்.

"மேல ஏறுது சார்."

"ஓ. சரி, சரி. கன்டினியூ."

இரண்டாவது வளைவு. இரண்டாவது லாரி. அதற்கும் நின்றேன். நிற்கிற நேரத்தில் திரையைப் பார்க்க வேலையில்லை, அதனால் தலை நிமிர்ந்தது. பேச்சியின் தோளில் பை மாட்டியிருந்தது. காலையில் வருகிறவர்கள் பையை மேசையில் வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவோம். அவள் பை புடைத்திருந்தது. அவள் மேசையைப் பார்த்தேன். தண்ணீர்ப் பாட்டில் இல்லை, சாமி படம் இல்லை, வண்டிகள் வரைவதற்கு மாதிரியாக வைத்திருந்த சின்ன பொம்மை லாரி இல்லை. எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டு, போவதற்குத் தயாராக நின்றாள்.

இரண்டாவது லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் வண்டியை எடுத்தேன்.

மூன்றாவது வளைவில், பாறைக்கு அந்தப் பக்கம், விளக்கு வெளிச்சம் ஏறி வருவது தெரிந்தது. அந்த இடத்தில் நான் யோசித்தேன், நல்லது கெட்டதைத் தூக்கிப் பார்த்தேன் என்றெல்லாம் எழுதினால் அது பொய். யோசிக்க நேரமில்லை. என் கால் மேசைக்கு அடியில் தரையை மிதித்தது, பழைய வழக்கப்படி. கை மட்டும் பிரேக்கைத் தொடவில்லை. பெருவிரல் ஆக்சிலரேட்டரில் அப்படியே இருந்தது. நான் இடுக்கில் நுழைந்தேன். ஏறி வந்த லாரி பாறையோடு ஒட்டிக்கொண்டு, நின்று, பின்னால் உருண்டது. அதையும் பேச்சி அமைத்திருக்கிறாள், அன்றைக்குத்தான் கவனித்தேன். கண்ணாடியில் அது உருண்டு போவது கொஞ்ச நேரம் தெரிந்தது.

அதன்பின் நேர்ப்பாதை. சந்தை மூட ஆறு நொடி இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். திரையெல்லாம் பட்டாசு வெடித்தது. வெற்றி என்று வந்தது. அந்தப் பயணத்தில் எனக்கு அதுதான் முதல் வெற்றி.

"பார்த்தீங்களா, ஒண்ணும் வரலையே" என்று சிரித்தார் சென்னைக்காரர். "சார் சூப்பரா ஓட்டுறீங்க. மறுபடி வரலைன்னு போட்டு குளோஸ் பண்ணிடலாம்."

லீடு என்னைப் பார்த்தார். மூன்றுக்கும் நின்றேன் என்று நான் எழுதியிருந்தது அவருக்குத் தெரியும், சென்னைக்காரர் எண்ணிப் பார்க்கவில்லை. "சரி சார்" என்று மட்டும் சொன்னார். பையன்கள் கைதட்டினார்கள். நான் என் கையாலேயே அந்த வரியின் பக்கத்தில் எழுதினேன்: 'மறுபடி ஓட்டினேன். வரவில்லை.'

எல்லோரும் டீக்குப் போன பிறகு பேச்சி என்னிடம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்திருந்தேன், மறைப்பானேன்.

"ஏன் அண்ணாச்சி நிக்கல?"

"உன் வேலை போயிரும்லா."

"நான் உங்கள்ட்ட என்ன சொன்னேன்? எப்பவும் போல ஓட்டுங்கன்னு சொன்னேன்லா? நான் சொல்லுததுக்குத் தயாராத்தான் நின்னேன். இப்ப என்ன ஆச்சு? நிக்கதுக்குன்னு ஒண்ணு செஞ்சேன். அத நெசமாத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. நீங்களே இடிச்சுட்டுப் போயிட்டிய."

அவள் குரலை உயர்த்தவில்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு சாமி படத்தை. பொம்மை லாரியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு அதையும் வைத்தாள். அன்று சாயங்காலமே லீடிடம் சொல்லிவிட்டு அந்தப் பதக்கத்தை கேமிலிருந்து நீக்கிவிட்டாள்.

லீடு என்னைத் திட்டவில்லை. மறுநாள் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளை வேலையில இருக்கு. எனக்கும் சந்தோசம்தான். ஆனா இனிமே நீங்க பச்சை போட்டா நான் நம்பணும்லா? நெனச்சத எழுதாதீங்கன்னு உங்களுக்கு முதல் நாளே சொன்னேன். நெனச்சத ஓட்டவும் கூடாது."

அதற்குப் பிறகு ஒரு வருஷம், நான் சோதித்ததை எல்லாம் இன்னொருவர் மறுபடி சோதித்தார். பெரும்பாலும் மாரி. அவனுக்குக் காரணம் தெரியாது. "அண்ணாச்சிக்கு வயசாயிட்டுன்னு லீடு நெனைக்காரு போல" என்று கேலி செய்வான். நான் விட்டுவிட்டேன். அது எனக்கு வர வேண்டியதுதான்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டிய இடம். அன்றைக்கு நின்றிருக்க வேண்டுமா, நிற்காமல் போனது சரிதானா என்று என்னைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நின்றிருந்தால் அவள் வேலை போயிருக்கும். நிற்காததால் நான் ஒரு பொய்ச் சோதனை செய்தவன். இரண்டையும் பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு வளைவுக்கு நீங்கள் போய்ச் சேராமல் இருக்க என்ன செய்யலாம் என்பது மட்டும் தெரியும். சிவப்பு போடுவதற்கு முன் எழுந்து நடங்கள். செய்தவரிடம் போய்க் கேளுங்கள். தப்பு என்று நமக்குத் தெரிவது ஒருவர் வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம். அதற்குக் காரணம் இருக்கலாம். கேட்ட பிறகும் தப்புதான் என்றால் அப்போது எழுதுங்கள், தயங்க வேண்டாம். எழுதிவிட்டால், எழுதினபடியே ஓட்டிக் காட்டுங்கள். கோமதி, உனக்கு முக்கியமாகச் சொல்கிறேன். நீ என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்கிறாய்.

பேச்சி அங்கே இன்னும் ஐந்து வருஷம் இருந்தாள். அப்புறம் அவளாகவே முடிவு செய்து பெங்களூருக்குப் போனாள். அந்தத் திங்கள்கிழமையைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. போகிற அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என் மேசைக்கும் வந்தாள். "வாரேன் அண்ணாச்சி" என்றாள். நான் "பாத்துப் போம்மா" என்றேன்.

ஒன்று மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த கேம் வெளியான அன்று மத்தியானம், எல்லோரும் பிரானூர்ப் பக்கம் புரோட்டா சாப்பிடக் கிளம்பினார்கள். முதுகு வலிக்கிறது என்று சொல்லி நான் இருந்துகொண்டேன். மாடியில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாகச் சாரல் வந்து மேசை விளிம்பு நனைந்திருந்தது. வெளியான கேமை, எல்லோரும் இறக்கிக்கொள்கிற மாதிரியே, என் போனில் இறக்கினேன். அன்னாசி ஏற்றினேன். இறங்கினேன். முதல் லாரிக்கு நின்றேன். இரண்டாவதற்கு நின்றேன். மூன்றாவது வளைவில் வெளிச்சம் தெரிந்ததும் ஓரங்கட்டி, விளக்கைத் தணித்து, வண்டியை அணைத்தே விட்டேன். லாரி மெதுவாக ஏறி வந்து என்னைத் தாண்டியது. இரண்டு ஹாரன் அடித்தது. ஹாரன் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதை நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். நானும் பொத்தானைத் தொட்டு இரண்டு ஹாரன் அடித்தேன்.

நேரம் முடிந்தது. தோல்வி என்று வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வேறு எதுவும் வரவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் அட்டவணையைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: 'மூன்று லாரிக்கும் நின்றேன். பயணம் தோல்வி. தப்பு ஒன்றும் இல்லை.'

பச்சை போட்டுவிட்டு, எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.